ஹஸ்கியின் கண்ணோரப் பொருக்கும் துத்தநாக மாத்திரையும்

மூன்று வயதான, 20 கிலோ எடையுள்ள உங்கள் பெண் சைபீரியன் ஹஸ்கிக்கு இரண்டு மாதமாகக் கண்களைச் சுற்றியும் வாயோரத்திலும் முடி கொட்டிச் சாம்பல் நிறத்தில் பொருக்குக் கட்டியிருக்கிறது என்றும், பூஞ்சைக் களிம்பு தடவியும் குறையவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது துத்தநாகக் குறைபாடாக இருக்குமோ என்ற ஐயத்தில், வீட்டுக் குழந்தையின் வயிற்றுப்போக்குக்கு வாங்கி மீந்துபோன 20 மில்லிகிராம் ஜிங்க் மாத்திரையைக் கொடுக்கலாமா, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்கிறீர்கள். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, இரவில் தயிர்சோற்றுடன் கொஞ்சம் கோழி, எலும்பு பலப்படட்டும் என்று தினமும் கால்சியம் சிரப் என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த வரிதான்.

உங்கள் ஐயம் நியாயமானது. அந்த மாத்திரை இந்த நாய்க்குப் பயன்படக்கூடும். ஆனால் மாத்திரையை எடுப்பதற்கு முன் இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து, வேறு நோய் இல்லை என்று தெளிய வேண்டும். ஏற்கெனவே உணவில் இருக்கிற கொஞ்சத் துத்தநாகத்தையும் குடலில் தடுத்து நிறுத்துவது எது என்று கண்டறிய வேண்டும். தடை அப்படியே இருக்க மேலே மேலே துத்தநாகத்தைப் போடுவது, மடையை அடைத்துவிட்டு வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுவது போன்றது.

துத்தநாகம் ஏன் தோலில் முதலில் தெரிகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உயிரணுக்கள் பெருகும் வேலையில் ஈடுபடும் ஏராளமான நொதிகளுக்குத் துத்தநாகம் வேண்டும். தோலின் மேலடுக்கோ ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருப்பது. முதிர்ந்த செல் தன் உட்கருவை இழந்து, காய்ந்து, மெல்லிய செதிலாகக் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்வதே இயல்பு. துத்தநாகம் போதாதபோது அந்த முதிர்ச்சி அரைகுறையாக நின்றுவிட, உட்கருவோடேயே செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டிக்கொண்டு தடித்த பொருக்காகின்றன. நோய்க்கூற்று வல்லுநர்கள் இதைப் பாராகெரட்டோசிஸ் என்பார்கள். அடிக்கடி அசைகிற, உரசுகிற இடங்களில் இது முதலில் வெளிப்படுவதால்தான் கண்ணோரம், உதட்டோரம், காது, முழங்கை, பின்னங்கால் மூட்டு, உள்ளங்கால் மெத்தை, பிறப்புறுப்பைச் சுற்றிய தோல் ஆகிய இடங்களில் அடையாளம் தெரிகிறது. பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒத்திருக்கும். இடது கண்ணில் மட்டும் பொருக்கு, வலது கண் சுத்தம் என்றால் நான் வேறு காரணத்தைத் தேடத் தொடங்குவேன்.

நாய்களில் இந்த நோயை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். முதல் வகை, உணவில் துத்தநாகம் போதுமான அளவு இருந்தும் உடல் அதை ஏற்க முடியாமல் போவது. சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மலமூட் போன்ற வடதுருவ இனங்களில்தான் இது மிகுதி. மலமூட்டில் குடல் துத்தநாகத்தை உறிஞ்சுவதில் பிறவிக் குறை உண்டு என்று காட்டியிருக்கிறார்கள்; ஹஸ்கியிலும் அதுவே காரணம் என்று கருதப்படுகிறது. 2001-இல் வெளியான, 41 நாய்களைப் பற்றிய ஒரு தொகுப்பாய்விலும் பெரும்பான்மை ஹஸ்கிகளே. வழக்கமாக ஒன்று முதல் மூன்று வயதுக்குள் தலைகாட்டும். உங்கள் நாயின் இனம், வயது, பொருக்கின் இடம் மூன்றும் இதற்குப் பொருந்தி வருகின்றன.

இரண்டாம் வகை, வேகமாக வளர்கிற பெரிய இனக் குட்டிகளில் வருவது: கிரேட் டேன், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் குட்டிகள். அவற்றின் குடலில் குறை எதுவும் இல்லை, தட்டில்தான் குறை. தானியமே பிரதானமான உணவு, அல்லது நல்ல உணவோடு அளவுக்கு மிஞ்சிய கால்சியம். குட்டியின் காது நிமிர வேண்டும், கால் பருக்க வேண்டும் என்று கால்சியம் புட்டியோடு வீட்டுக்குப் போகிறவர்களை நான் ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். குட்டிகளுக்கென்று தயாரித்த முழுமையான உணவைத் தின்கிற குட்டிக்கு அந்தப் புட்டி தேவையே இல்லை. அதை நிறுத்தி உணவைச் சீராக்கினால், துத்தநாகத்தைச் சில வாரங்கள் மட்டும் கொடுத்தாலே தோல் தேறிவிடும். பல குட்டிகளுக்கு அதுகூட வேண்டியிருப்பதில்லை. இவை தவிர, புல் டெரியர் இனத்தில் பரம்பரையாக வரும் ஒரு கொடிய தோல்நோய் உண்டு. 2018-இல் அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். பார்வைக்குத் துத்தநாகக் குறைபாடு போலவே இருக்கும். துத்தநாகம் கொடுத்தால் குணமாகாது.

உங்கள் நாயிடம் இரண்டு வகையும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன என்பது என் ஊகம்: உறிஞ்சத் தடுமாறும் குடல், அதற்குமேல் உறிஞ்சவிடாத உணவு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2006-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 20 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 19 மில்லிகிராம் துத்தநாகம் வேண்டும். நீங்கள் சொன்ன உணவை நான் தோராயமாக இப்படி எடுத்துக்கொள்கிறேன்: 100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறக்குறைய 2.5 மில்லிகிராம், அரைக் கிலோ சோற்றில் இன்னொரு 2.5, 200 கிராம் தயிரில் 1, 100 கிராம் கோழிக்கறியில் 1.5. கூட்டினால் ஏழரை. வயிறு நிறைகிறது, நாய்க்குத் தேவையான கலோரியும் ஏறத்தாழக் கிடைத்துவிடுகிறது, துத்தநாகம் மட்டும் பாதியைக்கூடத் தொடவில்லை.

அந்த ஏழரையும் முழுதாக உடலில் சேர்வதில்லை. தானியங்களின் தவிட்டிலும் பருப்பு வகைகளிலும் ஃபைட்டிக் அமிலம் என்ற ஒன்று இருக்கிறது. விதை தன் பாஸ்பரஸைச் சேமித்து வைத்துக்கொள்ளும் வடிவம் அது. குடலுக்குள் அது துத்தநாகத்தைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடும். அந்தப் பிடியிலிருந்து துத்தநாகத்தை விடுவிக்கும் நொதி நாயின் குடலில் போதிய அளவு இல்லை. கூடவே கால்சியமும் மிகுதியாக இருந்தால் பிடி இன்னும் இறுகும். 1955-இல் அமெரிக்காவில் பன்றிகளுக்கு வந்த இதே மாதிரியான பொருக்கு நோயைத் துத்தநாகம் குணப்படுத்துகிறது என்று காட்டப்பட்டபோதே, தீவனத்தில் கூடுதலாகச் சேர்த்த கால்சியம் நோயை முற்றச் செய்வதும் வெளிப்பட்டது. கேழ்வரகில் ஃபைட்டிக் அமிலமும் உண்டு, நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் உண்டு. அதன்மேல் சிரப்பையும் ஊற்றினால் துத்தநாகத்துக்கு வழியே இல்லை. முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் ஃபைட்டிக் அமிலம் குறையும் என்பது உண்மைதான். இருந்தாலும் ஹஸ்கிக்காகக் கேழ்வரகை முளைகட்டுவதைவிட, அந்த வேளையின் உணவையே மாற்றிவிடுவது எளிது.

கால்சியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. எலும்போ சமச்சீரான தாதுக் கலவையோ சேராத வீட்டுச் சமையலில் வளர்ந்த நாய்க்கும் கால்சியம் குறைவாகவே இருக்கும். உங்கள் உணவுப் பட்டியலும் சிரப் இல்லாமல் பார்த்தால் தேவையில் ஏறத்தாழப் பாதியைத்தான் தருகிறது. ஆகவே சிரப்பை என்றென்றைக்குமாகத் தூக்கி எறியச் சொல்வது அரைகுறை ஆலோசனையாகும். இப்போதைக்கு அதைத் துத்தநாகம் கொடுக்கும் வேளையிலிருந்து விலக்கி வையுங்கள். நிரந்தரத் தீர்வாக, முழுமையான, சமச்சீரான உணவு என்று உறையில் குறிப்பிட்டிருக்கும் தயாரிப்புக்கு மாறுங்கள், அல்லது மருத்துவர் கணக்கிட்டுத் தரும் தாதுக் கலவையோடு வீட்டு உணவைத் தொடருங்கள். அமெரிக்கத் தீவனத் தர விதிகளின்படி, வளர்ந்த நாய்க்கான முழு உணவில் ஈரப்பதம் நீங்கிய ஒரு கிலோவுக்குக் குறைந்தது 80 மில்லிகிராம் துத்தநாகமும், குட்டிகளுக்கானதில் 100 மில்லிகிராமும் இருக்க வேண்டும். வீட்டுச் சமையலிலேயே நிற்க விரும்பினால் கோழி நெஞ்சுக்கறிக்குப் பதிலாக ஆட்டுக்கறி அல்லது மாட்டுக்கறி கொடுக்கலாம். சிவப்புக் கறியில் நூறு கிராமுக்கு நாலைந்து மில்லிகிராம் துத்தநாகம் கிடைக்கும், ஃபைட்டிக் அமிலத்தின் தொல்லையும் இல்லை.

இனி நோயை உறுதிசெய்வது பற்றி. கண்ணைச் சுற்றி முடி கொட்டுகிற எல்லா நாய்க்கும் துத்தநாகக் குறைபாடு இல்லை. டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சியும், படர்தாமரைப் பூஞ்சையும் இதே இடத்தில் இதே கோலத்தில் வரும். பெம்ஃபிகஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் முகத்திலும் உள்ளங்காலிலும் பொருக்குக் கட்டும். வயதான நாய்களில் கல்லீரல் நோயின் விளைவாக உள்ளங்கால் வெடித்துப் பொருக்கு ஏறுவதுண்டு. டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்த நாயின் உள்ளங்கால் மெத்தை கல்லாகத் தடிக்கும். தோல் சுரண்டலும், பொருக்குக்கு அடியில் கண்ணாடிச் சில்லை ஒற்றி எடுத்துச் சாயமேற்றிப் பார்ப்பதும் பத்துப் பதினைந்து நிமிட வேலை. பொருக்குக்குக் கீழே பாக்டீரியாவும் மலசீசியா ஈஸ்டும் குடியேறியிருப்பது சாதாரணம். அவற்றைக் கவனிக்காமல் துத்தநாகம் மட்டும் கொடுத்தால் அரிப்பு தீராது, துத்தநாகம் பலிக்கவில்லை என்று தவறாக முடிவு கட்டிவிடுவோம். ஐயம் நீடித்தால் திசுப் பரிசோதனைதான் தீர்ப்பு சொல்லும். சென்னையில் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப் போன்ற போதனா மருத்துவமனையில் அதைச் செய்துகொள்ளலாம். கண்ணோரத்தில் கத்தி வைக்க வேண்டியதில்லை. உதட்டோரத்திலோ முழங்கையிலோ பொருக்கு இருந்தால் அங்கிருந்து எடுக்கலாம்.

இரத்தத்தில் துத்தநாக அளவு பார்க்கலாமே என்று பலரும் கேட்பதுண்டு. அந்தப் பரிசோதனையை நான் நம்பி முடிவெடுப்பதில்லை. உடலில் எங்கேனும் அழற்சி இருந்தால் இரத்தத் துத்தநாகம் தானாகவே இறங்கும். இரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தாலோ, குழாயின் ரப்பர் மூடியிலிருந்து துத்தநாகம் கசிந்தாலோ பொய்யாக ஏறும். இயல்பான அளவு காட்டிய ஹஸ்கிகளிலும் துத்தநாகம் கொடுத்ததும் பொருக்கு உதிர்ந்ததுண்டு. நோய்க்குத் ‘துத்தநாகத்துக்கு இணங்கும் தோல்நோய்’ என்று பெயர் வந்ததே, மருந்துக்குத் தோல் இணங்குவதுதான் கடைசிச் சான்று என்பதால்தான்.

மாத்திரைக்கு வருவோம். இங்கே தவறு நேர்வதெல்லாம் ஒரே இடத்தில்தான்: மாத்திரையிலுள்ள துத்தநாக உப்பின், அதாவது சேர்மத்தின், எடை வேறு, அதிலுள்ள தூய துத்தநாகத்தின் எடை வேறு. துத்தநாக சல்ஃபேட் படிகம் 220 மில்லிகிராம் எடுத்தால் அதில் தூய துத்தநாகம் 50 மில்லிகிராம்தான். குளுக்கோனேட்டில் ஏழில் ஒரு பங்கு. அசிடேட்டில் பத்தில் மூன்று. ஆக்ஸைடில் ஐந்தில் நான்கு பங்கு என்றாலும் குடல் அதை உறிஞ்சுவது மிகக் குறைவு; எண்ணைப் பார்த்து மயங்கி அதை வாங்காதீர்கள். என் தொழிலின் தொடக்க ஆண்டுகளில் நானே இதில் சறுக்கியிருக்கிறேன். சல்ஃபேட் உப்பாகக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று பாடநூலில் இருந்ததைத் தூய துத்தநாகமாக எண்ணி ஒரு மலமூட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். தேவைக்கு நாலு மடங்குக்கு மேல். நாய் மூன்று வேளை வாந்தி எடுத்ததும், வளர்த்தவர் என்னைக் கேட்காமலே நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியது என் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து மருந்துச் சீட்டில் உப்பின் பெயரை எழுதி, அதன் கீழே தூய துத்தநாகம் இத்தனை மில்லிகிராம் என்று தனி வரியாக எழுதுகிறேன்.

ஹஸ்கிக்கு வழக்கமாகத் தொடங்கும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் தூய துத்தநாகம். 20 கிலோ நாய்க்கு 40 முதல் 60 மில்லிகிராம் ஆகிறது. குழந்தைகளுக்கான 20 மில்லிகிராம் மாத்திரை அட்டையில் அந்த எண் பெரும்பாலும் தூய துத்தநாகத்தையே குறிக்கும். ‘தனிமத் துத்தநாகம் 20 மில்லிகிராமுக்கு நிகரான’ என்ற பொருளில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்படியிருந்தால், மருத்துவர் நோயை உறுதிசெய்த பிறகு, காலை ஒன்று இரவு ஒன்று என்று இரண்டில் தொடங்கலாம். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். கறி உள்ள உணவோடு கொடுங்கள். கேழ்வரகுக் கஞ்சியில் கரைத்தால் மேலே சொன்ன கதைதான். அட்டையின் சேர்மானப் பட்டியலில் சைலிட்டால் என்ற இனிப்பு இருந்தால் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது; மனிதர்களுக்குத் தீங்கில்லாத அந்தப் பொருள் நாயின் இரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். துத்தநாகத்தோடு இரும்பு, வைட்டமின் டி எல்லாம் கலந்த பலசத்து மாத்திரையும் வேண்டாம். துத்தநாகத்துக்காக வாரக்கணக்கில் இரும்பையும் சேர்த்து ஊட்டுவானேன்?

உங்கள் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்காக நாய் டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எடுத்துக்கொண்டிருந்தால், அதையும் துத்தநாகத்தையும் ஒரே வேளையில் கொடுக்காதீர்கள். குடலில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டுமே வீணாகும். என்ரோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகையும் அப்படியே. குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பொருக்கை நகத்தால் பிய்க்காமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சில நிமிடம் வைத்து எடுத்தால் தானாக இளகும். ஆறு வாரத்தில் அசைவே இல்லையென்றால் அளவைப் பாதியளவு கூட்டுவது, சல்ஃபேட்டிலிருந்து மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் சேர்ந்த துத்தநாகத்துக்கோ குளுக்கோனேட்டுக்கோ மாறுவது, குடல் உறிஞ்சுவதைத் தூண்டுவதற்குக் குறைந்த அளவில் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்ப்பது, வாய்வழி மருந்துக்கு இணங்காத சிலவற்றுக்கு இரத்தக்குழாய் வழியாகத் துத்தநாகம் செலுத்துவது என்று மருத்துவரிடம் வழிகள் உண்டு. மீன் எண்ணெய் போன்ற கொழுப்பமிலங்களும் துணைபுரியும். இவற்றில் எதையும் வீட்டிலேயே நீங்களாகச் செய்ய வேண்டாம், குறிப்பாக ஸ்டீராய்டை.

அளவு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை அறிந்திருங்கள். வாந்தி, பசியின்மை முதலில் வரும். பேரளவில் உள்ளே போனால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, ஈறு வெளிறி, வெண்விழி மஞ்சளாகி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போகும். கணையமும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். அமெரிக்காவில் 1982-க்குப் பிறகு வந்த ஒரு சென்ட் நாணயத்தில் 97.5 விழுக்காடு துத்தநாகம் என்பதால், அதை விழுங்கிய நாய்கள் இப்படி மருத்துவமனைக்கு வருவது அங்கே பாடநூல் நிகழ்வு. நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது துத்தநாகக் களிம்பு. பொருக்கு ஏறிய இடத்தில் நல்லெண்ணத்தில் குழந்தைகளின் டயப்பர் தடிப்புக் களிம்பையோ கலமைனையோ தடவிவிடுவார்கள். இரண்டிலும் துத்தநாக ஆக்ஸைடு இருக்கிறது, நாய் நக்கி நக்கி விழுங்கிவிடும். வாயோரத்தில் தடவிய எந்தக் களிம்பும் அரை மணிக்குள் வயிற்றில்தான்.

நெடுநாள் மிகுதியாகக் கொடுத்தால் செம்புச்சத்து குறையும் அபாயமும் உண்டு. துத்தநாகம் குடல் செல்களில் மெட்டலோதயோனின் என்ற புரதத்தை உருவாக்கத் தூண்டுகிறது. அது செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, செல்லோடு சேர்ந்து மலத்தில் உதிர்ந்துவிடும். பெட்லிங்டன் டெரியர் போன்று கல்லீரலில் செம்பு தேங்கும் இனங்களுக்கு இந்தக் குணமே மருந்தாகப் பயன்படுகிறது. அங்கே செம்பைத் தடுப்பதே நோக்கம் என்பதால் துத்தநாகத்தை உணவுக்கு முன்பே கொடுப்பார்கள். இணையத்தில் ‘வெறும் வயிற்றில் கொடு’ என்று நீங்கள் படித்திருந்தால், அது அந்த நோய்க்கான அறிவுரையாக இருக்கலாம்.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு விடை, எந்த வகை என்பதைப் பொறுத்தது. உணவுக் கோளாறு மட்டுமே காரணமென்றால், உணவு சீரான பின் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம். ஹஸ்கியின் பிறவிக் குறை என்றால் பெரும்பாலும் ஆயுள் முழுதும் வேண்டும். தோல் தெளிந்த பிறகு, மறுபடி பொருக்கு வராத மிகக் குறைந்த அளவைத் தேடி அதிலேயே நிறுத்தி வைப்போம். பெண் நாய்களில் பருவத்துக்கு வரும் வாரங்களிலும், சினையாக இருக்கும்போதும், பயணம், இடமாற்றம் போன்ற அழுத்தங்களின்போதும் அடங்கியிருந்த நோய் திரும்ப எழும். கருத்தடை அறுவை செய்துவிட்டால் பலவற்றுக்குத் துத்தநாகத் தேவையே குறைகிறது. உங்கள் நாய்க்குக் கருத்தடை ஆகியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவில்லை என்றால், கடந்த இரண்டு மாதத்தில் எப்போது பருவத்துக்கு வந்தது என்பதைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். மருந்து தொடங்கும் நாளில் பகல் வெளிச்சத்தில் இரு கண்களும் உதடும் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் இரண்டு வாரத்துக்கு ஒன்று எடுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. ஆறாவது வாரம் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை மருத்துவர் அந்தப் படங்களை வைத்தே பெரும்பாலும் முடிவு செய்வார்.